67ஆம் எண் பஸ்ஸும் ஒரு துறவியின் பிழையும்

சிங்கப்பூரில் சுவா சூ காங்கிலிருந்து தெம்பனிஸ் போகும் 67ஆம் எண் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் எனக்கு மெர்சென் நினைவுக்கு வந்துவிடுகிறார். பிரெஞ்சுத் துறவியான அவர், 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண் என்று 1644இல் எழுதிவைத்தார். 147,573,952,589,676,412,927 என்ற 21 இலக்க எண் அது. அவர் சொன்னது பிழை. 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ் அதை நிறுவினார். ஆனால் அந்த எண்ணை எது வகுக்கும் என்பது லூக்காஸுக்கும் தெரியாது!

"காரணியே தெரியாமல் எப்படிப்பா சொல்ல முடியும்?" என்றாள் உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள். பலாப்பழத்தை அறுக்காமல், தட்டிப் பார்த்தே பழுத்துவிட்டதா என்று சொல்வதில்லையா? தேக்கா உணவங்காடியில் இடம்பிடிக்க வைத்திருந்த டிஷ்யூ பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை உருவினேன்.

31 என்பது ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு. 4இல் தொடங்க வேண்டும். வர்க்கமாக்கி 2ஐக் கழித்தால் 14. மறுபடியும் அப்படியே செய்தால் 194. அது 31ஐத் தாண்டிவிட்டதால் வகுத்து மீதியான 8ஐ மட்டும் வைத்துக்கொள்கிறோம். எட்டெட்டு 64, இரண்டு போக 62, மீதி பூஜ்யம். கடைசிச் சுற்றில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. ஆக, 31 பகா எண். லூக்காஸின் வழியை லேமர் என்ற கணிதவியலாளர் பின்னாளில் செப்பனிட்ட வடிவம் இது. அடுக்கு, அதாவது பெருக்கும் இரண்டுகளின் எண்ணிக்கை, 5 என்றால் மூன்று சுற்று. எப்போதும் இரண்டு குறைவு. அடுக்கு 11க்கு எண் 2047. ஒன்பதாம் சுற்றில் 1736 மிஞ்சுகிறது, எனவே பகா எண் அல்ல. 23 × 89தான் 2047 என்பதைச் சோதனை காட்டிக்கொடுப்பதில்லை.

ஏன் 4இல் தொடங்குகிறோம்? 2+√3, 2−√3 இரண்டையும் கூட்டினால் 4, பெருக்கினால் 1. தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டினால் 14, இன்னொரு முறை வர்க்கமாக்கினால் 194. ஒவ்வொரு சுற்றும் இந்த இரட்டையரின் அடுக்கை இரட்டிப்பாக்குகிறது. பெருக்கல் 1ஆகவே இருப்பதால் கழிக்க வேண்டியதும் எப்போதும் 2தான்.

இதில் வகுத்தல்கூடத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 9ஆல் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே உத்தி. 32ஐ 31ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 194இல் ஆறு முப்பத்திரண்டு, மிச்சம் 2, கூட்டினால் 8. கணினி, 0, 1 மட்டுமே கொண்ட இரண்டடிமான எண்ணை வெட்டி, துண்டுகளைக் கூட்டிவிடுகிறது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 41,024,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை உறுதிசெய்ததும் இதே சோதனைதான். அதன் அடுக்கு 136,279,841; சுற்றுகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மெர்சென் சொன்ன அந்த 21 இலக்க எண்ணின் காரணிகள் 1903இல்தான் வெளிவந்தன. நியூயார்க்கில் ஒரு கணிதக் கூட்டத்தில் கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் எழுந்து, வாய் திறக்காமல் 193,707,721ஐ 761,838,257,287ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம்.

மகள் இன்னொரு தாளை எடுத்து, அடுக்கு 7க்கான 127ஐத் தானே சோதித்தாள். 4, 14, அடுத்து 194இல் 127 போக… "அப்பா, 67! நம் பஸ்!" பிறகு 42, 111. கடைசிச் சுற்றில் 12,319. அது 127 × 97 என்று கண்டுபிடிப்பதற்குள் தே தாரிக் ஆறிவிட்டது.