வழு நேர்ந்த இடமும் வழு தெரியும் இடமும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தர மாணவர்களுக்கு மாலையில் பைதான் என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கும் வகுப்பொன்றில், ஒரு மாணவன் ஐந்தாம் வரியை மூன்று தடவை அழித்து மூன்று தடவையும் அதே வரியைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். "ஐஞ்சாம் வரியில ஒரு பிழையும் இல்லை சேர், ஆனா அதைத்தான் பிழை எண்டு காட்டுது" என்றான். அவன் சொன்னது சரி. நான்காம் வரியில் பரீட்சைப் புள்ளிகளின் பட்டியலைத் திறந்த சதுர அடைப்புக்குறியை அவன் மூடவில்லை. பழைய பதிப்பு நிறுவப்பட்டிருந்த அந்தக் கணினியோ, தொடரியல் செல்லாது என்ற இரண்டே சொற்களை ஐந்தாம் வரியின் கீழ் அச்சிட்டுவிட்டு நின்றுவிட்டது.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. செய்நிரலை இடமிருந்து வலமாக வாசித்துச் செல்லும் பாகுபடுத்தி, இதுவரை வாசித்ததற்குப் பின் எந்த வகையிலும் வர முடியாத ஒரு சொல்லையோ குறியையோ சந்திக்கும் இடத்தில்தான் நிற்கும். பட்டியல் அடுத்த வரியிலும் தொடரலாம் என்பதால் நான்காம் வரி முடியும்வரை அதற்குச் சந்தேகப்பட எதுவுமே இல்லை. ஆகவே அது அறிவிப்பது தான் தடுக்கி விழுந்த இடத்தை. கல் கிடந்த இடத்தை அன்று. ஒரேயொரு சொல்லை மட்டும் முன்னோக்கிப் பார்த்த தன் பழைய பாகுபடுத்தியை 2020இல் வெளியான 3.9ஆம் பதிப்பில் பைதான் மாற்றியது. அதைத் தொடர்ந்து 2021இல் வந்த 3.10ஆம் பதிப்பு அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று சொல்லி, அது திறக்கப்பட்ட வரியையே காட்டத் தொடங்கியது. சி மொழியில் விடுபட்ட அரைப்புள்ளிக்காக அடுத்த வரியைக் குற்றஞ்சாட்டும் வழக்கத்தை செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பி 2018இல், அதன் 8ஆம் பதிப்பில்தான் திருத்திக்கொண்டது.

நம் இலக்கணம் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகப் பெயரிட்டுப் பிரிக்கிறது. "அவன் வந்தாள்" என்று எழுதிய பிள்ளையிடம் "வாக்கியம் செல்லாது" என்று மட்டும் சொல்லும் தமிழாசிரியரை நான் கண்டதில்லை. தொகுப்பி எழுதும் நாங்கள்தான் அப்படிச் சொல்லிப் பல ஆண்டுகள் தப்பித்துக்கொண்டோம்.

தமிழிலேயே வழுச்செய்தி தரும் சிறிய கற்பித்தல் மொழியொன்றுக்குத் தொகுப்பி எழுதத் தொடங்கியபோது, ஆங்கிலச் செய்தி வார்ப்புகளை அப்படியே மொழிபெயர்த்தோம். அதுதான் எங்கள் முதற் பிழை. வார்ப்பின் நடுவே, மதிப்பொன்றைச் சேமித்து வைக்கும் மாறியின் பெயரைச் செருகினால் ஆங்கிலத்தில் வாக்கியம் நின்றுகொள்ளும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்ட வேண்டும் என்பதால் 'மொத்தம்ஐ' என்று அச்சாகும். மொத்தத்தை என்று சாரியை சேர்த்துப் புணர்த்த ஒரு சிறு நிரலும் எழுதிப் பார்த்தோம். மாணவர்கள் தம் மாறிகளுக்கு வைக்கும் விசித்திரமான பெயர்களிடம் அது தோற்றது. முடிவில் 'மொத்தம் என்னும் மாறியை' என எழுதி, உருபைப் பொதுப்பெயரின் மேல் ஏற்றிவிட்டோம். வினை இறுதியில் வரும் மொழிக்குத் துண்டுகளை ஒட்டும் முறை ஒத்துவராததால், இப்போது ஒவ்வொரு செய்தியையும் முழு வாக்கியமாகவே தனித்தனியாக எழுதுகிறோம்.

இரண்டாவது பிழை இன்னும் வெட்கத்துக்குரியது. வழு நேர்ந்த எழுத்தின் கீழ் ஒரு கூரைக்குறி (^) இடும் வழக்கப்படி, எங்கள் தொகுப்பி வரியின் தொடக்கத்திலிருந்து, எழுத்துகளைக் கணினி சேமிக்கும் அலகுகளான பைட்டுகளை எண்ணி அந்தக் குறியை வைத்தது. யாழ்ப்பாணம் என்ற சொல்லில் எழுத்துகள் 6. எழுத்துக்கும் அதனோடு சேரும் குறிக்கும் தனித்தனியே தரப்படும் யுனிகோட் குறியெண்கள் 11. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் 33. அந்தச் சொல் மேற்கோளுக்குள் வந்த வரியில் கூரைக்குறி வழுவைத் தாண்டி வெகுதூரம் வலப்புறம், ஒன்றுமில்லாத வெற்றிடத்தின் கீழ்ப் போய் நின்றது. குறியெண்களை எண்ணினாலும் தமிழில் நேராகாது. எழுத்துருவுக்கு எழுத்துரு அகலமும் மாறுகிறது. ஆகவே கூரைக்குறியைக் கைவிட்டு, வழுவான பகுதியையே நிறமிட்டுக் காட்டுவதோடு செய்திக்குள்ளும் அதை எடுத்தெழுதுகிறோம்.

ஊகித்துச் சொல்வதில் அளவு வேண்டும். "இதைத்தான் எண்ணினீர்களோ" என்ற தவறான ஆலோசனை வெறும் மௌனத்தைவிடக் கெட்டது, ஏனெனில் புதிதாகக் கற்பவர் அதை அப்படியே நம்பிச் சரியான வரியையும் கெடுத்துவிடுவார். ஒரு வழுவிலிருந்து கிளைக்கும் இருபது செய்திகளைவிட முதலாவது செய்தி நன்றாக இருந்தாற் போதும் என்பதும் என் கருத்து.

மாணவர்களின் சம்மதத்தோடு அவர்களுடைய ஓடாத செய்நிரல்களைச் சேர்த்து வைக்கிறோம். தொகுப்பியில் எதை மாற்றினாலும் அவை எல்லாவற்றையும் மீண்டும் ஓட்டி, செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்கிறோம். இலக்கண விதிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குத் தோன்றவே தோன்றாத வழுக்கள் அந்தச் சேகரிப்புக்குள் கிடக்கின்றன. வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டப்பட்ட வளைந்த மேற்கோட்குறிகள்தான் அவற்றில் அதிகம். அவற்றுக்கு இப்போது "இது வளைந்த மேற்கோட்குறி, விசைப்பலகையில் உள்ள நேரான குறியை இடவும்" என்று செய்தி வருகிறது. இணையத்திலிருந்து எடுத்த தமிழ்ச் சொற்களுக்குள் ஒளிந்து வரும், எழுத்துகள் ஒன்றோடொன்று இணைவதைத் தடுக்கும், அகலமே இல்லாத இணைப்புநீக்கிக் குறிக்குத்தான் இன்னும் நல்ல வாக்கியம் அமையவில்லை: கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அழிக்கச் சொன்னால், எதை அழிப்பது என்று பிள்ளை திரும்பவும் நம்மிடமே வருகிறது.