அந்த அரை மணி நேரத்தில் இரைப்பைக்குள் என்ன நடக்கிறது?

காலையில் நாலு இட்லி, ஒரு காபி. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ‘அடடா, கேஸ் மாத்திரை போடலையே’ என்று ஞாபகம் வரும். சரி, இப்போது போட்டால் என்ன, எல்லாம் வயிற்றுக்குள்தானே போகிறது என்று விழுங்கிவிடுவோம். என் அம்மா பல மாதம் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார். நெஞ்செரிச்சல் குறையவே இல்லை. மாத்திரை சரியில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம். அப்புறம் அதே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட ஆரம்பித்தார். சில நாளில் எரிச்சல் அடங்கியது.

கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் ஒமிபிரசோல், பான்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமிபிரசோல் எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். இவற்றில் முதலாவதான ஒமிபிரசோல் 1988-இல் சுவீடனிலிருந்து வந்தது. இவை வயிற்றில் இருக்கும் அமிலத்தைத் தொடுவதே இல்லை. அமிலம் உருவாகும் இடத்தில் கை வைக்கின்றன.

இரைப்பையின் உட்சுவரில் அமிலம் சுரக்கிற செல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் எண்ணற்ற நுண்ணிய பம்புகள். ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதுதான் இவற்றின் வேலை. ரத்தத்தில் இருப்பதைப்போலப் பத்து லட்சம் மடங்கு அடர்த்திக்கு அந்த அயனியைச் சேர்த்துவிடுகின்றன. ஆனால் எந்நேரமும் ஓடுவதில்லை. வயிறு காலியாக இருக்கும்போது பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் சுருண்டு கிடக்கும். சாப்பாட்டின் வாசனை, முதல் கவளம், வயிறு விரிவது என்று சேதி வரவர அவை மேலேறி வந்து வேலையைத் தொடங்கும்.

மாத்திரையின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. இரைப்பை அமிலத்தில் கரையாத அந்தப் பூச்சு சிறுகுடலில்தான் கரையும். பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான். பூச்சு உடைந்தால் அமிலம் மருந்தை வழியிலேயே சிதைத்துவிடும். சிறுகுடலில் கரைந்த மருந்து ரத்தத்தில் கலந்து, கொல்லைப்பக்கம் வழியாக வீட்டுக்குள் நுழைவதுபோல அமில செல்லின் பின்புறமாக வந்து சேர்கிறது. ரத்தத்தில் இருக்கும்வரை அது சாது. பம்பு ஓடிக்கொண்டிருக்கிற இடத்துக்குள் நுழைந்ததும், அங்குள்ள அமிலமே அதை வேறு உருவாக மாற்றுகிறது. மாறிய மருந்து பம்பைப் பிடித்துக்கொண்டால் பிறகு விடுவதில்லை. அமிலத்தைக் கொண்டே அமிலத்தை அடக்குகிற இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

உறங்குகிற பம்பில் அமிலம் இல்லை. அதனால் மருந்தால் அதைப் பிடிக்க முடியாது. ரத்தத்தில் இருக்கும் மருந்தோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பம்புகள் விழித்தெழும் நேரமும் ரத்தத்தில் மருந்து நிறைந்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் என்பது அதற்கான கணக்கு. சாப்பிட்ட பிறகு போட்டால் மருந்து தாமதமாகத்தான் ரத்தத்தில் சேரும். அதற்குள் பம்புகளின் வேகம் அடங்கத் தொடங்கியிருக்கும். காலை 6 மணிக்குப் போட்டுவிட்டு 10 மணி வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பதும் அதே அளவு தவறு. ‘வெறும் வயிற்றில்’ என்று மட்டும் சொல்லி அனுப்பும்போது இந்த இரண்டாவது பாதி விட்டுப்போகிறது. இரண்டு வேளை எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டாவது மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். படுக்கப் போகும்போது அல்ல.

பிடிபட்ட பம்புக்குப் பதில் உடல் புதிய பம்புகளைச் செய்தாக வேண்டும். மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போனாலும் பலன் நாள் முழுக்க நிற்பது இதனால்தான். முதல் நாள் எல்லாப் பம்புகளும் மேலே வராது என்பதால் முழுப் பலன் தெரிய 3 முதல் 5 நாள் ஆகும். ஒரு மாத்திரை போட்டு, ‘கேட்கவில்லை’ என்று மறுநாள் விட்டுவிடுவது அவசரம். அந்த நேரத்து எரிச்சலுக்கு, இருக்கிற அமிலத்தை முறிக்கும் ஜெல் மருந்து போதும். ஆனால் அது வேறு சில மருந்துகள் உடலில் சேர்வதைத் தடுக்கும். அவற்றுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வயிற்றுப் புண் என்றால் நேரத்துக்குச் சாப்பிடாததும் காரமும்தான் காரணம் என்று நம் வீடுகளில் உறுதியாகச் சொல்வார்கள். இவை எரிச்சலைக் கூட்டலாம். புண்ணுக்குப் பெரும்பாலான காரணம் இரண்டு: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, வலி மாத்திரைகள். கிருமியின் பங்கை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் கண்டுபிடித்தபோது நம்ப ஆளில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இருந்தால் அமிலத்தைக் குறைப்பது மட்டும் போதாது. ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள், பெரும்பாலும் 14 நாள். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தினால் கிருமி தப்பிப் பிழைக்கும். இன்னொன்று: இந்த அமில மாத்திரை கிருமியைப் பரிசோதனையிலிருந்து மறைத்துவிடக்கூடியது. மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ முன் வழக்கமாக 2 வாரம் நிறுத்தச் சொல்வார்கள். மாத்திரை போடுவதை அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், தலைவலிக்கு இபுபுரூஃபன் என்று கடையில் கேட்டு வாங்கி, கூடவே ஒரு கேஸ் மாத்திரையும் போட்டுக்கொள்கிற பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருள்களின் உற்பத்தியையே வலி மாத்திரை குறைத்துவிடுகிறது. கேஸ் மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. மலம் தார்போலக் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் கடைக்கு அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் கையிலோ தாடையிலோ வலியும் சேர்ந்து வந்தால் அதை ‘கேஸ்’ என்று நினைத்துக் காத்திருக்கவே கூடாது.

வேறு மாத்திரைகளோடு மோதல்களும் உண்டு. இதயத்துக்காகக் குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்களுக்கு ஒமிபிரசோல் ஏற்றதல்ல; அந்த மருந்தைச் செயல்பட வைக்கும் கல்லீரல் நொதியை இது தடுக்கிறது. பான்டோபிரசோலில் இந்தத் தொல்லை குறைவு. தைராய்டு மாத்திரை உடலில் சேர ஓரளவு அமிலம் வேண்டும். அதோடு கேஸ் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் தைராய்டு அளவை இடையிடையே பார்த்துக்கொள்வது நல்லது. கேஸ் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையலாம்.

பலருக்கு 4 முதல் 8 வாரமே போதுமான இந்த மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்கு ஒரு காரணம், நிறுத்தும்போது வருகிற எரிச்சல். அமிலம் குறைந்ததும் அதைக் கூட்டச் சொல்லி உடல் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் தடை நீங்கி அமிலம் பழைய அளவையும் தாண்டிப் பாயும். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளியானது. 8 வாரம் எசோமிபிரசோல் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கு, மாத்திரையை விட்டதால் வந்த எரிச்சல் அது.

அதனால் நிறுத்திய சில நாளில் எரிந்தால் புண் திரும்பிவிட்டது என்று உடனே அர்த்தமில்லை. மருத்துவரிடம் பேசி அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்கலாம். இடையில் எரிந்தால் ஜெல் மருந்து. சில வாரங்களில் கேஸ்ட்ரின் தானாகத் தணியும். ஆனால் ஏற்கெனவே புண்ணில் ரத்தம் கசிந்து, இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுபவர்கள் போன்ற சிலருக்கு இந்த மாத்திரை காவல். அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.