ஏற்காடு இறங்கும் காரில் பிரேக் இரும்பைக் குறைக்காதீர்கள்

எடை குறைக்கிறேன் என்று சாமானை மாற்றி, கெட்டு என் பட்டறைக்கு வந்து நிற்பதில், இரண்டு மாதத்தில் இது மூன்றாவது வண்டி. இனியும் பட்டறைக்கு வருபவர்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெக்கவரி வண்டியில் ஃபோர்டின் மஸ்டாங் ஜிடி கார் ஒன்று வந்து இறங்கியது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, 60 அடி பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, பிரேக் பெடல் மிதித்த மிதியில் தரையோடு போய்விட்டது. ஓட்டியது 26 வயதுத் தம்பி. பக்கத்து சீட்டில் அவன் அம்மா. கியரை இறக்கி, மலைப்பக்கச் சுவரில் வண்டியை உரசவிட்டு நிறுத்தியிருக்கிறான். அந்த நேரம் எதிரே பஸ் எதுவும் வரவில்லை. இருவருக்கும் காயமில்லை.

முன் வீலைக் கழற்றினேன். டிஸ்க், அதாவது வீலோடு சுற்றும் பிரேக் இரும்புத் தட்டு, சூட்டில் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது. அழகுக்காகத் துளை போட்ட டிஸ்க் அது. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது, விரல் நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பிரேக் ஆயிலைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்த்தால் காபி டிகாஷன் நிறம். வீலுக்கும், அது உட்காரும் நடுக்குமிழான ஹப்புக்கும் நடுவே இருந்த பிளாஸ்டிக் வளையம் உருகி ஹப்பில் ஒட்டியிருந்தது.

வண்டியை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, செகண்ட் ஹேண்ட். 'எடை குறைப்பு' என்று ஒரு முழு செட் போட்டிருக்கிறான்: வீல், டிஸ்க், பானெட், முன் சீட், பேட்டரி. எல்லாம் அமெரிக்காவில் டிராக் ரேஸ் (drag race) என்ற நேர்கோட்டுப் பந்தயத்துக்காகச் செய்யப்படும் ரகம். மொத்தம் 60 கிலோ குறைந்ததாம். "ணா, வண்டி லேசாயிருச்சுல்லங்ணா, அப்ப சின்ன பிரேக்கே போதும்தானே?" என்று கேட்டான். அவன் அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தக் கேள்வியைத்தான் நான் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறேன். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஆளும் பெட்ரோலும் சேர்த்து அந்த வண்டி ஏறக்குறைய 1,800 கிலோ. ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டும், சேலம் 280 மீட்டரை ஒட்டி. அடிவாரம் வரைக்கும் வைத்தாலும் 1,100 மீட்டர் இறக்கம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் நாலு குடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், கியர் சரியாகப் போட்டால் இன்ஜின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க நாலு டிஸ்க் இரும்பில்தான் இறங்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

60 கிலோ குறைத்தீர்கள், சரி. 1,800-ல் 60 என்பது 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சூடும் அந்த அளவுதான் குறையும். இப்போது டிஸ்க்குக்கு வாருங்கள். ஒரிஜினல் முன் டிஸ்க் ஒன்று 12 கிலோ. இவன் போட்டது 9 கிலோ. கால் பங்கு இரும்பைக் காணோம். அதே சூடு 12 கிலோ இரும்பில் ஏறுவதற்கும் 9 கிலோவில் ஏறுவதற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு. பழைய டிஸ்க் 300 டிகிரி ஏறும் இடத்தில் இது 400 ஏறும். 3 சதவீதம் லாபம் பார்க்கப் போய் 33 சதவீதம் நஷ்டம். பெரிய தோசைக்கல்லும் சின்னத் தோசைக்கல்லும் ஒரே அடுப்பில் எப்படிக் காயும் என்று வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள்.

டிராக் ரேஸில் அது ஏன் வேலை செய்கிறது என்றால், அங்கே ஓட்டமே கால் மைல், 402 மீட்டர். நேர்கோடு. முடிவில் ஒரு முறை பிரேக். அப்புறம் அடுத்த ஓட்டம் வரைக்கும் ஆறிவிடும். நம் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்றில் ஏறிய சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்த டிஸ்க்கைச் செய்தவன்மேல் தப்பில்லை. அவன் அதைச் சாலைக்கென்று செய்யவில்லை. ரேஸ் சாமான்களின் பெட்டியிலேயே பெரும்பாலும் அதை அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

எல்லா லேசான டிஸ்க்கும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நடுத்தொப்பி அலுமினியத்தில், உரசும் வளையம் அதே கனத்தில் இருக்கும் இரண்டு துண்டு டிஸ்க் இருக்கிறது. அது நல்ல பொருள், விலையும் அப்படி. வாங்கும்போது வளையத்தின் கனத்தை அளந்து பாருங்கள். அது ஒரிஜினலைவிட மெலிந்திருந்தால் வேண்டாம்.

பிரேக் ஆயில் பற்றி ஒன்று. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போய்விடும். ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். பாட்டிலைத் திறந்த நாளிலிருந்து அது ஈரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். இந்த வண்டியில் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 400 குதிரைசக்தி வண்டிக்கு அந்தச் செலவு ஒரு செலவா?

அடுத்தது வீல். வீலில் எடை குறைப்பது நல்லதுதான், நானே செய்து கொடுக்கிறேன். ஆனால் அச்சில் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு வீலுக்கும், அதே டிசைனில் வார்த்து எடுத்த, பலம் குறைந்த நகலுக்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. உள்பக்கம் ஒரு வீல் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும். அது இல்லாத வீலை நான் பூட்டுவதில்லை. இதற்கு முன் வந்த வண்டியின் வீலில் விரிசல் தேடிச் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பூச்சு போட்டுப் பார்த்தபோது உள்விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தது. குழியில் விழுந்து விட்ட விரிசல். மஸ்டாங் ஹப் 70.5 மில்லிமீட்டர். வீலின் நடுத்துளை பெரிதாக இருந்தால் இடையில் வளையம் போட வேண்டும், அது அலுமினியமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சீட்டைக் கழற்றினால் அதற்குள் இருக்கும் பக்கவாட்டு ஏர்பேக்கும் கூடவே போகிறது. டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடுகிறார்கள். இதைச் செய்யும் கடைக்காரரும் என் தொழில்காரர்தான் என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தம்பியின் அம்மா உட்கார்ந்திருந்தது அந்த சீட்டில்தான். செய்யாதீர்கள். அவ்வளவுதான். பானெட்டும் அப்படியே. ஒரிஜினல் பானெட் மோதலில் நடுவில் மடங்கும்படி செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகப் போடும் பிசின் பானெட் எப்படி உடையும் என்பது அதைச் செய்தவருக்கே தெரியாது.

உண்மையில் எடை குறைய வேண்டுமா? முதலில் வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். லாரிக்குப் பேர்போன ஊர் சேலம், பைபாஸில் எங்கே பார்த்தாலும் எடை மேடை இருக்கிறது. எடை தெரியாமல் எடை குறைப்பது என்ன கணக்கு? அப்புறம் டிக்கியைத் திறங்கள். இந்த வண்டி டிக்கியிலிருந்து வூஃபர் பெட்டியை இறக்கி எடை போட்டேன், 34 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, மலைக்குப் போய்வர டேங்க் முழுக்க நிரப்ப வேண்டாம். 30 லிட்டர் குறைத்தால் 22 கிலோ. இரண்டும் சேர்ந்து 56 கிலோ. ஒரு ஸ்பேனர்கூட எடுக்கவில்லை. நல்ல லித்தியம் பேட்டரி போட்டால் இன்னும் 10 கிலோ வரும். 60 கிலோ குறைவு 400 குதிரை வண்டிக்கு 14 குதிரை கூட்டியதற்குச் சமம். அது உங்களுக்குப் போதும் தம்பி, போதும்.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் கியரை இறக்கி வையுங்கள், டி-யில் விட்டு பிரேக்கிலேயே காலை வைக்காதீர்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிசல் விட்டுவிடும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் என்று போய் நிற்கும்போது இதையெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய ஒரிஜினல் சாமானை விற்காதீர்கள். 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மஸ்டாங் எப்போதுமே வெளியிலிருந்து வந்த வண்டி. டிஸ்க் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். "பழசு எங்கே?" என்று கேட்டபோது, அப்பாதான் முதல் முறையாக வாயைத் திறந்தார். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிட்டார்களாம். வண்டி இன்னும் ஸ்டாண்டு மேலேயே நிற்கிறது. யாரிடமாவது முன் டிஸ்க் ஒரு ஜோடி நல்ல நிலையில் இருந்தால் சொல்லுங்கள், அளந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.