தொழில் நடத்தும் கேம்கள் ஏன் நம்மை விடுவதில்லை?

1999-இல் வெளிவந்த ‘ரோலர்கோஸ்டர் டைகூன்’ கணினி கேமில் நாம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் முதலாளி. வெயில் நாளில் விலை கொஞ்சம் கூடினாலும் முகம் திருப்பிக்கொள்ளும் பார்வையாளர்கள், மழை பிடித்துவிட்டால் கேம் அனுமதிக்கும் உச்ச விலையான 20 பவுண்டுக்குக்கூடக் குடை வாங்குவார்கள், கையில் காசு இருந்தால். இதைக் கண்டுபிடித்தவர்களின் குஷியைப் பார்க்க வேண்டுமே!

கிறிஸ் சாயர் இந்த கேமைக் கிட்டத்தட்ட முழுவதும், கணினிச் சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் கடினமான அசெம்ப்ளி மொழியில் எழுதினார். அந்தக் காலத்துக்கே அது வீம்புதான். பூங்காவில் நடமாடும் ஒவ்வொருவருக்கும் பசி, தாகம், குமட்டல், கையிருப்பு என்று தனிக் கணக்கு உண்டு. ஒவ்வொரு ராட்டினத்துக்கும் பரபரப்பு, தீவிரம், குமட்டல் என்று மூன்று மதிப்பெண்கள். அவற்றை வைத்து ஒரு நியாய விலை உருவாகும். ராட்டினம் பழசாக ஆக அது இறங்கும். நாம் வைத்த கட்டணம் அதைத் தாண்டினால் ‘இவ்வளவு கொடுக்க மாட்டேன்’ என்ற எண்ணம் பார்வையாளர் மனதில் ஓடும். அவர்மேல் சொடுக்கினால் அதைப் படிக்கலாம். நிஜக் கடையில் வாங்காமல் போகிறவர் காரணம் சொல்லிவிட்டா போகிறார்?

காசு வந்தால் புது ராட்டினம், ராட்டினம் வந்தால் கூட்டம், கூட்டம் வந்தால் காசு. இந்தச் சுழற்சிக்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர். இது மட்டும் இருந்தால் அரை மணியில் சலித்துவிடும். அதனால் எதிர்ப் பின்னூட்டமும் வேண்டும்: கூட்டம் கூடினால் வரிசை நீளும், குப்பை சேரும், நடைபாதையெல்லாம் வாந்தி, பூங்காவின் மதிப்பீடு சரியும், வருகை குறையும். இந்தச் சுழற்சிகள் எதுவும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. கடன் அடையும்போது புது ராட்டினம் பாதியில் நிற்கும். அதைக் கட்டி முடித்தால் துப்புரவுக்கு ஆள் போதாது. ‘இதை மட்டும் முடித்துவிட்டுத் தூங்கலாம்’ என்று சொல்லிச் சொல்லியே இரவு இரண்டு மணி ஆகிவிடும்.

செயலுக்கும் பலனுக்கும் நடுவே உள்ள தாமதம்தான் இதில் முக்கியம் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் குழுவினர் உருவாக்கிய, பீர் விநியோகத்தை நடத்திப் பார்க்கும் பயிற்சி ஆட்டமான ‘பீர் கேம்’ இதற்கு நல்ல சாட்சி. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஆர்டர் போட்ட சரக்கு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வாடிக்கையாளர் தேவை ஒரே ஒரு முறை வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8 ஆக உயரும், பிறகு அசையவே அசையாது. ஆனாலும் ஆட்டக்காரர்கள் பதறிப்போய் ஆர்டர் மேல் ஆர்டர் போடுவார்கள்; அப்புறம் எல்லாம் சேர்ந்து வந்து குவியும். வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை அவர்கள் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று எம்ஐடி ஆய்வாளர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் காட்டினார். வாடிக்கையாளர்தான் தாறுமாறாக வாங்கினார் என்று பலர் சாதித்தார்களாம்!

அதே ஃபாரஸ்டரின் நகர மாதிரிகளைப் படித்த கேம் வடிவமைப்பாளர் வில் ரைட், அதே 1989-இல் நகரம் கட்டும் கேமான ‘சிம்சிட்டி’யை வெளியிட்டார். அங்கே சாலை போட்டால் கொஞ்ச நேரத்தில் வீடு முளைக்கும். தாமதம் சுருங்கியதும் தலைவலி பொழுதுபோக்காகிவிட்டது.

ஆனால் எல்லாம் கணக்குப்படியே நடந்தாலும் சப்பென்று ஆகிவிடும். குரங்குகளை வைத்து நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த ஆய்வுகளில், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பலன் கிடைத்தபோதுதான் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் துள்ளின. முழுக்க எதிர்பார்த்த பலனுக்கு அசையவில்லை. லாபம் தானாகக் கொட்டும் பூங்காவும் அப்படித்தான், பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காது. சாயர் இதற்கு இலக்குகளால் வழி செய்திருந்தார். ‘ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸ்’ என்ற பூங்காவில் முதல் ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் 250 பேர் இருக்க வேண்டும், மதிப்பீடு 600-க்குக் குறையக் கூடாது. எட்டிவிட்டால் பரிசாகப் புதிதாக ஒரு பூங்கா திறக்கும், புதுக் கடனோடு.