இன்னும் எத்தனை நாள்? கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் சின்னக் குழந்தையின் மூளை

1839ஆம் ஆண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக ‘ரௌஹெஸ் ஹௌஸ்’ என்ற இல்லத்தை நடத்திவந்தார் யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற இறையியலாளர். கிறிஸ்துமஸ் நெருங்கினாலே பிள்ளைகள் அவரை நச்சரிப்பார்களாம்: எப்போது வரும், எப்போது வரும் என்று. அந்த ஆண்டு அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதில் 20 சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளையும் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் நட்டுவைத்தார். கணக்கு சுலபம். 1839இல் டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து 24ஆம் தேதி வரை 4 ஞாயிறுகள், 20 மற்ற நாட்கள். ஞாயிறு வந்தால் வெள்ளை, மற்ற நாளில் சிவப்பு என்று தினம் ஒன்றை ஏற்றினார்கள். ஏற்றாமல் நிற்பவை எத்தனையோ அத்தனை நாள் பாக்கி.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களான திருவருகைக் காலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் வளையம் அப்படித்தான் பிறந்தது. பிறகு அது 4 மெழுகுவர்த்தியாகச் சுருங்கிவிட்டது. நாள் எண்ணும் வேலையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கைச் சேர்ந்த கெர்ஹார்ட் லாங் போன்றவர்கள் அச்சிட்டுப் பரப்பிய அட்வெண்ட் காலண்டர், அதாவது கிறிஸ்துமஸ்வரை நாள் எண்ணும் அட்டை, எடுத்துக்கொண்டது. விஷெர்ன் காலத்தில் குழந்தை உளவியல் என்ற துறையே கிடையாது. ஆனாலும் பிள்ளைகளுக்கு எது புரியாது, எது புரியும் என்பதை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

நாலு வயதுக் குழந்தை ‘நேற்று’, ‘நாளை’, ‘அடுத்த வாரம்’ எல்லாவற்றையும் சரளமாகப் பேசும். அதைக் கேட்டு, நம்மைப் போலவே அதற்கும் காலம் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கலிஃபோர்னியாவில் கேத்தரின் டில்மன், டேவிட் பார்னர் குழுவினர் குழந்தைகளிடம் ஒரு நேர்கோட்டைக் கொடுத்து, இந்தச் சொற்கள் எல்லாம் அதில் எங்கே வரும் என்று குறிக்கச் சொன்னார்கள். முடிவு 2017இல் வெளியானது. ஒரு காலச் சொல் முடிந்துபோனதைச் சொல்கிறதா, வரப்போவதைச் சொல்கிறதா என்பதும், எது முன்னே எது பின்னே என்ற வரிசையும் சிறு வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டுவிடுகின்றன. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கடைசியாக, 7 வயதை ஒட்டி வருகிறது. அதாவது, ‘அடுத்த வாரம்’ என்றால் இன்றைக்கு இல்லை என்பது நாலு வயதுக்குத் தெரியும். நாளை மறுநாளைவிட அது எவ்வளவு தள்ளி என்பது தெரியாது.

வில்லியம் ஃப்ரீட்மன் என்ற உளவியலாளர் பண்டிகைகளையே வைத்துச் சோதித்தார். பிறந்தநாள், கிறிஸ்துமஸ் போன்றவற்றில் எது சீக்கிரம் வரும், எது ரொம்ப நாள் கழித்து வரும் என்று கேட்டால், 4 வயதுக் குழந்தைகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 5 வயதில், சில வாரங்களில் வரப்போவது எது என்று ஓரளவுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கை: சமீபத்தில் முடிந்துபோன பண்டிகையையும் ‘சீக்கிரம் வரும்’ பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். நினைவில் பசுமையாக இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் அவர்களுக்கு ஒன்றாகவே படுகின்றன. டிசம்பர் 27ஆம் தேதி காலையில் ‘மறுபடி கிறிஸ்துமஸ் நாளைக்கா?’ என்று கேட்கும் குழந்தை நம்மைச் சோதிக்கவில்லை, உண்மையாகவே கேட்கிறது.

ஆகவே ‘இன்னும் ரெண்டு வாரம்டா கண்ணு’ என்பது பதிலே இல்லை. இரண்டு வாரத்தைக் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் முடிய வேண்டும். காகிதத்தில் வளையம் வளையமாகச் சங்கிலி கோர்த்து, தினம் ஒன்றைக் கத்தரிக்கச் சொல்லலாம். சங்கிலி குட்டையாவதை மூன்று வயதுக் குழந்தைகூடக் கவனிக்கும். முடிந்த நாட்களைவிட மிச்சமிருக்கும் நாட்கள் கண்ணில் படுவதுதான் முக்கியம். சுவர்க் காலண்டரில் தேதியை அடிப்பதைவிட இது சின்னப் பிள்ளைகளுக்கு எடுபடக் காரணமும் அதுதான், அங்கே எண்களை வாசிக்கத் தெரிய வேண்டும். இதே காரணத்தால், டிசம்பர் 3ஆம் தேதியே ‘சேட்டை பண்ணினால் கிறிஸ்துமஸ் தாத்தா பரிசு தர மாட்டார்’ என்று மிரட்டுவதில் பெரிய பயனில்லை. மூன்று வாரம் கழித்து வரும் தண்டனைக்கும், இப்போது தம்பியின் தலையில் கொட்டும் இன்பத்துக்கும் அந்த வயதில் போட்டியே கிடையாது.

சரி, நாள் எண்ணியாயிற்று. காத்திருப்பது?

காத்திருத்தல் என்றதும் எல்லாரும் சொல்வது மார்ஷ்மெல்லோ சோதனை. மார்ஷ்மெல்லோ என்பது பஞ்சு போன்ற ஒரு மிட்டாய். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 1960களின் கடைசியில் வால்டர் மிஷெல் தொடங்கியது. இப்போதே எடுத்தால் சின்னது, நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் பெரியது என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு ஆராய்ச்சியாளர் அறையைவிட்டுப் போய்விடுவார். பொறுத்துக்கொண்ட குழந்தை பிற்காலத்தில் சிறப்பாக வரும் என்ற பேச்சுதான் ஊரெல்லாம் பரவியது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்து 2018இல் செய்த பெரிய ஆய்வில் அந்தத் தொடர்பு வெகுவாக மெலிந்துவிட்டது. என்னைக் கேட்டால், அந்த வரிசையில் வீட்டுக்குப் பயன்படுவது 1970இல் வெளியான சோதனைதான். தின்பண்டம் இரண்டும் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக 1 நிமிடம்தான் தாங்கினார்கள். கண்ணில் படாதபோது 11 நிமிடத்துக்கு மேல். ஒரே பள்ளி, ஒரே வயதுப் பிள்ளைகள். மாறியது பொருள் கண்ணில் படுகிறதா இல்லையா என்பது மட்டும்.

ஆசையை அடக்கும் வேலையை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி பார்க்கிறது. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் அது ஒன்று, இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது. மரத்தடியில் பளபளக்கும் பெட்டிகளை டிசம்பர் முதல் வாரத்திலேயே அடுக்கிவிட்டு, ‘தொடாதே’ என்று மூன்று வாரம் காவல் காப்பது அந்தப் பகுதிக்கு நாம் வைக்கும் வீண் பரீட்சை. கடைசி நாள்வரை அலமாரி உச்சியில் இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று வருகிறது. ஜப்பானின் கியோட்டோவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் 4, 5 வயதுக் குழந்தைகளை வைத்து யூகோ முனாகாட்டா உள்ளிட்ட குழுவினர் செய்தது, 2022இல் வெளியானது. மார்ஷ்மெல்லோவோடு, உறை சுற்றிய பரிசுப் பெட்டியையும் வைத்துப் பார்த்தார்கள். தின்பண்டத்துக்கு ஜப்பானியக் குழந்தைகள் அசையாமல் காத்திருந்தார்கள், அமெரிக்கக் குழந்தைகளால் அவ்வளவு முடியவில்லை. பரிசுப் பெட்டியை வைத்ததும் நிலைமை தலைகீழ். அமெரிக்கக் குழந்தைகள் தின்பண்டத்துக்குக் காத்திருந்ததைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு நேரம் பரிசுக்குக் காத்திருந்தார்கள். ஜப்பானியக் குழந்தைகள் பெட்டியைச் சீக்கிரமே பிரித்துவிட்டார்கள்.

ஆய்வாளர்கள் தந்த விளக்கம் பழக்கம். எல்லாருக்கும் பரிமாறிய பிறகே சாப்பிடுவது ஜப்பானிய வீடுகளிலும் பள்ளிகளிலும் அன்றாட வழக்கம். கிறிஸ்துமஸ், பிறந்தநாள் என்று, உறை சுற்றிய பெட்டியை அந்த நாள்வரை பிரிக்காமல் வைத்திருப்பது அமெரிக்கக் குழந்தைக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பயிற்சி. பொறுமை என்பது பிறக்கும்போதே இவ்வளவு என்று அளந்து தருகிற குணம் என்றால், இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே பொறுத்திருக்க வேண்டும்? எதற்குப் பழக்கியிருக்கிறோமோ அதற்குப் பொறுமை வருகிறது. நம் கண்ணுக்குத் தேவையில்லாத சடங்காகத் தெரிகிற ‘எல்லாரும் வந்த பிறகு பிரிக்கலாம்’ என்பது குழந்தைக்கு ஒரு பாடவேளை.

அப்புறம் நம்பிக்கை. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர், மார்ஷ்மெல்லோ சோதனைக்கு முன்பு ஒரு சின்ன வேலை செய்தார்கள். ‘படம் வரைய நல்ல வண்ணங்கள் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லி, சில குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றவர்களிடம், ‘மன்னித்துக்கொள், இல்லை’ என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாற்றிய ஆளை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று அந்தக் குழந்தைகள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ‘நாளைக்கு நட்சத்திரம் கட்டலாம்’ என்று சொன்னால் நாளைக்குக் கட்டிவிடுவது நல்லது.

எதிர்பார்ப்புக்குப் பின்னால் இருக்கும் ரசாயனம் டோபமைன். அதை ‘இன்பச் சுரப்பு’ என்று சொல்வது பாதி உண்மைதான். நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், பழச்சாறு கிடைக்கும்போது துடித்த டோபமைன் நரம்பணுக்கள், சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்குக்குக் குரங்கு பழகியதும், விளக்குக்கே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கத்தைவிட அடங்கிவிட்டன. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை அளக்கின்றன. ஒரு மாதமாக ஏற்றிவைத்த எதிர்பார்ப்புக்கு ஈடான பரிசு எந்தக் கடையிலும் கிடையாது. பெட்டியைப் பிரித்த பத்தாவது நிமிடத்தில் ‘அவ்வளவுதானா?’ என்று அழும் குழந்தையை நன்றி கெட்டது என்று திட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பண்டிகை நாளன்று பிள்ளைகள் தலைகால் புரியாமல் ஆடினால் பழி இனிப்பின் மேல் விழும். பாவம், அது நிரபராதி. இருபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 1995இல் மார்க் வோல்ரெய்ச் குழுவினர் பார்த்தபோது, சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு சோதனை இன்னும் சுவாரசியம். சர்க்கரையே இல்லாத பானத்தைச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அம்மாக்களில் பாதிப் பேரிடம் ‘நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்’ என்றார்கள். அந்த அம்மாக்கள் மட்டும் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளுவதாகச் சொன்னார்கள், பிள்ளையை விடாமல் அதட்டிக்கொண்டும் இருந்தார்கள். பல்லுக்காக இனிப்பைக் குறைக்கலாம், ஆட்டத்துக்காக வேண்டாம்.

ஆட்டத்துக்கு மெய்யான காரணம் பெரும்பாலும் தூக்கம். 3 முதல் 5 வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பெரியவர்களுக்குத் தூக்கம் போனால் சோர்வு வரும். சின்னக் குழந்தைக்கு வருவது பெரும்பாலும் துள்ளலும் எரிச்சலும். இதில் வெளிச்சத்தின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். போல்டரில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். 5 முதல் 40 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது அறையின் மங்கலான விளக்கு அளவிலேயே, தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் சராசரியாக 78 சதவீதம் குறைந்தது. குழந்தையின் கண்மணி பெரிது, வில்லை தெளிவு, அதனால் உள்ளே போகும் ஒளி அதிகம். கூடத்தில் வண்ண விளக்குகள் எவ்வளவு வேண்டுமானாலும் மின்னட்டும், படுக்கையறையில் மட்டும் வேண்டாம்.

அடுத்தது, பிரித்துப் போட்ட பொம்மைக் குவியல். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை, ஒன்றரையிலிருந்து இரண்டரை வயதுக்குள் இருப்பவர்களை, ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். 16 இருந்தபோது ஒன்றை எடுத்து, போட்டு, அடுத்ததற்கு ஓடினார்கள். வந்த பரிசுகளில் பாதியை எடுத்துவைத்து ஜனவரியில் ஒவ்வொன்றாக வெளியே விடுவது கஞ்சத்தனம் ஆகாது. எடுத்துவைக்கும்போதே ஒன்றைச் செய்துவிடுங்கள்: பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பொம்மை எல்லாவற்றிலும் பட்டன் பேட்டரி இருக்கிறதா, அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவைப் பொசுக்கத் தொடங்கிவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டும் இரண்டு வயதில் கொண்டாடிய கிறிஸ்துமஸ் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் நினைவிருக்காது. பெரியவர்களிடம் அவர்களின் முதல் நினைவு எது என்று கேட்டால் சராசரியாக மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் போவதில்லை. அந்த எல்லை எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதுதான் சுவாரசியம். ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் போன்ற உளவியலாளர்கள், அம்மாவும் குழந்தையும் நடந்து முடிந்தவற்றைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ‘நல்லா இருந்துச்சா?’ என்று கேட்டு, ‘ம்ம்’ என்ற பதிலோடு விட்டுவிடும் வீடுகள் உண்டு. ‘அன்னைக்கு யார் யார் வந்தாங்க? நட்சத்திரம் ஏன் அணைஞ்சு போச்சு? அப்புறம் என்ன பண்ணினோம்?’ என்று இழுத்து இழுத்துக் கேட்டு, குழந்தை சொன்னதோடு தானும் சேர்த்துச் சொல்லும் வீடுகளும் உண்டு. இரண்டாவது வகை வீட்டுப் பிள்ளைகளின் நினைவுகள் விரிவாக இருக்கின்றன. நியூசிலாந்தில், குடும்பக் கதைகளையும் கடந்தகாலத்தையும் விடாமல் பேசும் மரபுடைய மவோரி பழங்குடி மக்களிடம் கேட்டபோது, அவர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முந்தையதாக இருந்தது.