மெலியோய்டோசிஸ்: மண்ணைச் சொல்லாத ஒரு பெயர்

மாரி ஓய்ந்த ஒரு நாளில் கிளிநொச்சிப் பக்கத்து வயற்காரர் ஒருவர், ஆஸ்பத்திரித் துண்டில் இருந்த நோயின் பெயரை மகள் வாசித்துக் காட்டக் கேட்டுவிட்டு, "மெலியோ எண்டால் மெலியிற வருத்தமோ, தம்பி?" என்று என்னிடம் விசாரித்தார். துண்டில் இருந்தது மெலியோய்டோசிஸ் என்ற பெயர்; அது ஒரு பற்றீரியாத் தொற்று. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் காய்ச்சலும் இருமலுமாக உடல் வற்றி, காசநோய் என்றே கருதப்படுவோர் இந்நோயாளரிடையே இருக்கிறார்கள். ஆயினும் மெலியோய்டோசிஸ் என்னும் சொல்லுக்கும் தமிழின் 'மெலி' என்னும் வினையடிக்கும் ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை.

சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'மெலிஸ்' என்பது கழுதைகளைப் பீடித்த ஒரு நோயின் பழைய பெயர். அதனோடு 'போன்ற' என்று பொருள்படும் பின்னொட்டும் நோய்நிலையைக் குறிக்கும் 'ஓசிஸ்' என்ற ஈறும் சேர்ந்தன. மலாயாவில் பணியாற்றிய ஸ்டான்டன், ஃபிளெச்சர் ஆகிய இருவரும் 1921இல் இப்பெயரை வழங்கினர். நோயை முதலில் விவரித்தவர்கள், ரங்கூன் மருத்துவமனையில் 1911இல் பிரேதப் பரிசோதனைகளைச் செய்த அல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் ஆவர். பின்னாளில் 'விட்மோர் நோய்' என்ற வழக்கு நிலைத்ததேயன்றிக் கிருஷ்ணசாமியின் பெயர் அதனோடு சேரவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

அவர்கள் கண்ட சீழ்க்கட்டிகள் குதிரைகளுக்கு வரும் ஒரு தொற்றுநோயை ஒத்திருந்ததால், இந்நோயைத் தரும் பற்றீரியாவின் இனப்பெயர் 'சூடோமல்லை', அதாவது 'பொய்க் குதிரைநோய்க்குரியது' என்றாயிற்று. 1992இல் அது 'பேர்க்கோல்டேரியா' என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அப்பேரினமோ வெங்காய அழுகலை ஆராய்ந்த அமெரிக்கத் தாவர நோயியலாளரின் பெயரைத் தாங்கியது. இவ்வாறு கழுதை, குதிரை, வெங்காயம் மூன்றும் பெயர்களுக்குள் இடம்பிடித்திருக்க, அக்கிருமி உண்மையில் குடியிருக்கும் மண் மட்டும் எங்கும் சொல்லப்படவில்லை.

வன்னியில் நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். காலபோக மழையில் வரம்பு கட்டும் ஒருவர் வெறுங்காலோடு சேற்றில் நாள் முழுவதும் நிற்கிறார். குதிக்காலின் பித்தவெடிப்புக்குள் களிமண் ஏறி, வாய்க்காலில் கழுவிய பின்னும் வெடிப்பின் ஓரத்தில் கறுப்புக் கோடாகத் தங்கிவிடுகிறது. ஈரமண்ணில் வாழும் கிருமிக்கு அத்தகைய கீறலே வாசல்; சில வேளைகளில் தண்ணீர் வழியாகவும், புயற்காற்றில் சுவாசத்தின் வழியாகவும் அது உட்புகும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். சிலருக்குச் சில நாட்களிலேயே குருதி நஞ்சாகிறது. சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டுகிறது. பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கி, கூகைக்கட்டு என்று எண்ணவைப்பதும் உண்டு.

இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவானபோதிலும், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் இந்த நூற்றாண்டில் முறையாகத் தேடத் தொடங்கிய பின்னரே நோய் நாட்டில் பரவலாக இருப்பது தெரியவந்தது. 2004இல் கிருமியின் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டு, அதற்கு இரண்டு நிறமூர்த்தங்கள் இருப்பது விரிவாகப் புலனாயிற்று. உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேர் பாதிக்கப்பட்டு 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2022இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மண்ணிலும் நீரிலும் இக்கிருமி கண்டறியப்பட்டது. ஆய்வுகூடத்தில் அதற்கென அமைந்த வளர்ப்பூடகத்தில் வளர்த்தால், சில நாட்களில் ஊதா நிறத்தில், காய்ந்த தோல்போலச் சுருக்கம் விழுந்த கிருமிக் கூட்டங்கள் தோன்றும். அதனை அறியாத கண்ணுக்கு அது வெறும் மாசாகப் பட்டுத் தட்டோடு குப்பைக்குப் போகக்கூடும். அடையாளம் காண்பது இன்றியமையாதது. ஏனெனில் பெனிசிலின், ஜென்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு இது பொதுவாக மசியாது. செஃப்டசிடைம் அல்லது மெரோபெனெம் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் நாளத்தினூடாக ஏற்றப்பட்டு, அதன்பின் கோட்ரைமொக்சசோல் மாத்திரை மூன்று மாதமளவில் தொடர வேண்டும். காய்ச்சல் விட்டதென்று மாத்திரையை இடையில் நிறுத்துவோருக்கு நோய் திரும்பி வருகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பொய்க் குதிரைநோய்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. குதிரையே இல்லாத வயலில் அதனால் பயனில்லை. 'சேற்றுக் காய்ச்சல்' நெருங்கி வருகிறது, ஆனால் எலிக்காய்ச்சலுக்கும் அப்பெயர் பொருந்தும் என்பதால் இரண்டும் குழம்பும். நாட்பட்ட நோயாளர் சிலருக்குக் காய்ச்சல் முன்னிற்பதும் இல்லை. நான் 'மண்சீழ் நோய்' என்றே எழுதிவருகிறேன். எல்லா நோயாளருக்கும் சீழ் கட்டுவதில்லை என்ற குறை அதற்கு உண்டெனினும், கிருமி எங்கிருந்து வருகிறது, உடலில் பெரும்பாலும் என்ன செய்கிறது என்ற இரண்டையும் அது ஒருங்கே சொல்கிறது. மருத்துவக் குறிப்பில் மெலியோய்டோசிஸ் என்ற பெயர் மாறாமல் இருக்கட்டும். அதன் அருகே அடைப்புக்குறிக்குள் இத்தமிழ்ச் சொல்லையும் எழுதலாம். கேள்வி கேட்ட அந்த ஐயாவுக்கு நான் சொன்னதும் இந்தச் சொல்லைத்தான். அவர் சற்று நேரம் தன் குதிக்காலைப் பார்த்துவிட்டு, "அப்ப சப்பாத்துப் போட வேணும்" என்றார்.