சதுரத்தைத் திருப்பினால் வேறு வடிவமா?

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஓர் அட்டைச் சதுரத்தைக் காட்டினால், ஒரே குரலில் ‘சதுரம்’ என்பார்கள். அதையே முனை கீழே வரும்படி திருப்பிப் பிடித்தால் குரல் குறைந்துவிடும். ‘டைமண்ட் சார்’ என்பார்கள் சிலர், ‘சாய்சதுரம்’ என்பார்கள் சிலர். சதுரமும் ஒரு சாய்சதுரம்தான் என்பதால் இந்தப் பதில் தவறில்லை. ஆனால், இப்போது இது சதுரம் இல்லையா என்று கேட்டால், ‘அதான் சாய்ஞ்சிடுச்சே சார்’ என்கிறார்கள்.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்கள் பார்த்த சதுரமெல்லாம் தரையில் அமர்ந்தது, முக்கோணமெல்லாம் கூர்முனை மேலே பார்த்தது. நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே தம்பதி 1957-இல் தங்கள் முனைவர் பட்ட ஆய்வுகளில் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குழந்தை முதலில் வடிவத்தை ஒரு முகம்போல அடையாளம் காண்கிறது. பக்கங்களையும் கோணங்களையும் கவனிப்பது அடுத்த படி. சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று ஏற்பது அதற்கும் மேலே. வயது கூடுவதால் மட்டும் ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறிவிட முடியாது. சொல்லித்தரும் விதம்தான் ஏற்றிவிடும். முதல் படியில் நிற்கும் பிள்ளையிடம் மூன்றாம் படியின் வரையறையைச் சொன்னால், அது மனப்பாடம் செய்துகொள்ளும். வேறு என்ன செய்யும்?

விளைவு பின்னால்தான் தெரியும். ஒரு கோணம் செங்கோணத்தைவிடப் பெரிதாக உள்ள விரிகோண முக்கோணத்தில் குத்துயரம், அதாவது முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக இழுக்கும் கோடு, முக்கோணத்துக்கு வெளியே விழலாம் என்றால், பெரிய வகுப்புப் பிள்ளைகளும் கோட்டை எப்படியாவது உள்ளேயே இழுத்து முடிக்கிறார்கள்.

கோணத்திலும் இதே சிக்கல். கோடுகள் நீளமாக இருந்தால் கோணமும் பெரிது என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு அட்டைப் பட்டைகளைக் குண்டூசியால் இணைத்துக் கையில் கொடுத்து, திறந்து மூடிப் பார்க்கச் சொன்னால்தான் கோணம் என்பது திருப்பம் என்று புரிகிறது. அப்புறம் பாகைமானி. அதில் எண்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் 40 பாகையை 140 என்று எழுதிவிடுவார்கள். அளக்கும் முன் ஒரு தாளை இரண்டு முறை மடிக்கச் சொல்லுங்கள், முதல் மடிப்பு தன்மேலேயே பொருந்தும்படி. கிடைக்கிற மூலை செங்கோணம். கோணம் இதைவிடச் சிறியதா பெரியதா என்று சொல்லிவிட்டு அளந்தால் அந்தத் தவறு பெரும்பாலும் வராது.

சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைக்குச் சூத்திரத்தை நூறு முறை எழுதவைப்பதில் பயனில்லை. 24 தீக்குச்சிகளைக் கொடுத்துச் செவ்வகங்கள் அமைக்கச் சொல்லுங்கள். 11-க்கு 1 வைத்தால் உள்ளே 11 கட்டங்கள். 6-க்கு 6 வைத்தால் 36. குச்சி அதே 24தான். இதைத் தானே கண்டுபிடிக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பெற்றோர் இதற்காக விலையுயர்ந்த விளையாட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. கட்டம் போட்ட நோட்டிலிருந்து ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். திருப்பினாலும் கவிழ்த்தாலும் ஒன்றாக வருபவற்றைக் கழித்தால் மொத்தம் 35 வடிவங்கள். அவற்றில் 11 மட்டுமே கனசதுரமாக மடியும். ஒவ்வொன்றையும் மடிக்கும் முன், ‘இது பெட்டியாகுமா?’ என்று கேளுங்கள். மனதுக்குள் மடித்துப் பார்ப்பதுதான் இங்கே பயிற்சி. வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவர்கள் பாதியைப் போட்டுவிட்டு மறுபாதியைப் பிள்ளையிடம் விடலாம். தப்பாகப் போட்டால் உடனே திருத்திவிடாதீர்கள். எந்தப் புள்ளியில் பிசகியது என்று அதுவே தேடட்டும்.